நாலங்குலத்தில் இருபது ஏக்கர்

வைகை பெரும்பாலான ஆண்டுகளில் கடலைப் பார்ப்பதே இல்லை. மேற்கு மலையில் பிறந்து, தேனியையும் மதுரையையும் தாண்டி, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் இறங்கிவிடுகிறது. அந்தக் கண்மாயும் நிரம்பி வழிந்தால்தான் மிச்சம் கடலுக்கு. ஓர் ஆறு ஏரியில் போய் முடிவதை வரைபடத்தில் பார்க்கிறவருக்கு, வரைந்தவர் கை தவறிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் வழி நெடுக இரு கரையிலும் கால்வாய் வெட்டி, கண்மாய் கண்மாயாக நிரப்பி, கடலுக்கு ஒரு சொட்டும் வீணாகப் போகக்கூடாது என்று ஊர்கள் கூடிச் செய்த வேலை அது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நீர்நிலைகள் 39 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள், வடக்கே ஏரி, திருநெல்வேலியில் குளம். பெயர் எதுவானாலும் பிரச்சினை ஒன்றுதான். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. அதுவும் தினமும் பெய்வதில்லை. ஒரு புயல் சின்னம், இரண்டு மூன்று நாள் அடைமழை, பிறகு வாரக்கணக்கில் வெயில். நெற்பயிருக்கோ நான்கு மாதம் காலடியில் ஈரம் வேண்டும். சில நாள் வெள்ளத்தைப் பல மாதத் தண்ணீராக மாற்ற வேண்டும். மாற்றியதைப் பல நூறு குடும்பங்கள் அடிதடி இல்லாமல் பங்கிட்டுக்கொள்ளவும் வேண்டும்.

அளவுகள் மனத்தில் நிற்க, தெருவில் வரும் தண்ணீர் லாரியை அலகாக வைத்துக்கொள்வோம். ஒரு லாரி 12 ஆயிரம் லிட்டர். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்று கணக்கிட்டால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வருகிறது. அதாவது 400 லாரி. முந்நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு, அதாவது அந்தக் கண்மாயை நம்பிய வயல்பரப்புக்கு, ஒரு லட்சத்து இருபதாயிரம் லாரி! இவ்வளவையும் மோட்டாரோ குழாயோ இல்லாமல், சரிவை மட்டும் நம்பிச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் கண்மாயின் வேலை.

கண்மாயை யாரும் பள்ளமாகத் தோண்டவில்லை. தென்மாவட்டச் சமவெளி கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கிறது. சாய்வு கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று வையுங்கள். சரிவின் குறுக்கே பிறைபோல வளைத்து மண்கரை போட்டு நான்கு மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினால், அது பின்னோக்கி இரண்டு கிலோமீட்டர் விரியும். கொள்ளளவு முழுவதையும் தோண்டி எடுப்பதானால் தலைமுறைகள் ஆகும். கரைக்கு வேண்டிய மண்ணோ அதில் ஒரு துளி. வேலையில் பெரும்பகுதியை நிலத்தின் சாய்வே செய்துவிடுகிறது. எந்த இடத்தில் எந்த வளைவில் கரையைப் போட்டால் குறைந்த மண்ணில் நிறைய நீர் நிற்கும் என்று பார்த்தவர்களின் கையில் இருந்த கருவிகள், ஓடும் மழைநீரும் அதைக் கவனித்த கண்ணும்தான்.

இந்த ஆப்பு வடிவத்துக்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. கரையோரத்தில் நீர் ஆழம் பாதியாகக் குறைந்தால் கண்மாயில் பாதித் தண்ணீர் இருக்கும் என்றுதான் நினைப்போம். இருக்காது. ஆழம் குறையும்போது நீர் விரிந்திருக்கும் பரப்பும் சேர்ந்து சுருங்குகிறது. பாதி ஆழத்தில் மிஞ்சுவது கால் பங்கு. பக்கவாட்டிலும் குறுகும் கண்மாயில் அதைவிடக் குறைவு. செல்வமெல்லாம் மேல் அடியில்தான் இருக்கிறது. கரையை ஒட்டி நீர் ஆழமாகத்தானே நிற்கிறது என்று நம்பி நடவைத் தள்ளிப்போடுகிறவர் ஏமாந்துபோவார்.

அந்த மேல் அடியைக் காவல் காப்பது கலுங்கு. கரையின் ஒரு முனையில், கெட்டியான தரை பார்த்து, கல்லால் கட்டிய தாழ்வான சுவர் அது. நீர் அதன் தலைக்கு மேல் ஏறினால் தானாக வழிந்து வெளியேறும். மறுகால் பாய்கிறது என்பார்கள். மண்கரையின் மேல் நீர் ஏறி ஓடினால் சில மணி நேரத்தில் கரை கரைந்துவிடும். ஆகவே கலுங்கு, கரையின் உச்சியைவிடக் கட்டாயம் தாழ்வாக இருந்தாக வேண்டும். இவ்வளவு யாருக்கும் தெரியும். கலுங்கை ஏன் அவ்வளவு நீளமாகக் கட்டினார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். சுவரின் மேல் வழியும் நீரின் உயரம் இரட்டித்தால் வெளியேறும் அளவு இரு மடங்காவதில்லை, ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வெள்ளம் ஏற ஏற, கலுங்கு அதைவிட வேகமாகத் திறந்துகொடுக்கிறது. நீளம் அதிகமாக இருந்தால் மெல்லிய ஏடாக வழிந்தே பெருவெள்ளம் கடந்துவிடும், கரைக்கு ஆபத்து நெருங்குவதில்லை. நகரும் பாகம் ஒன்றுகூட இதில் கிடையாது. நடுராத்திரி வெள்ளம் வந்தாலும் ஆள் ஓடிவந்து திறக்க வேண்டியதில்லை.

பழைய கலுங்குகளின் தலையில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ பாலத்தின் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் வேலை மழைக்காலம் முடியும்போதுதான் தொடங்குகிறது. புயல் பயம் நீங்கியதும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் களிமண்ணைக் குழைத்து வைத்து, வைக்கோலும் புல்கரணையும் திணித்து, காலால் மிதித்து அடைப்பார்கள். கலுங்கு நாலங்குலம் உயர்ந்துவிடும். நாலங்குலம் என்றால் 10 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் விரியும் கண்மாயில் அது 10 கோடி லிட்டர், எட்டாயிரம் லாரிக்கு மேல். இருபது ஏக்கர் நெல், சில கூடை களிமண்ணுக்கு! எதிர்பாராமல் கடைசிப் புயல் ஒன்று வந்தால்? அடைப்பு கல்லைப் போலக் கெட்டியாக இல்லாததே அதற்கு மருந்து. வெள்ளத்தின் இழுப்பில் களிமண் கரைந்து ஓடிவிடும், குத்துக்கற்கள் நிற்கும், கலுங்கு பழைய உயரத்துக்குத் திரும்பிவிடும். வேண்டிய நேரத்தில் தோற்றுப்போகும்படி ஒரு பாகத்தைத் திட்டமிட்டு வைப்பது இன்றைய பொறியாளர்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற உத்தி.

ஆனால் அந்த இருபது ஏக்கர் தண்ணீர் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. மேல்கண்மாயின் மறுகால்தான் கீழ்க்கண்மாயின் வரத்து. கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்று நிரம்பி அடுத்ததற்கு, அது நிரம்பி அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் பின்னியிருக்கின்றன. மேலூர்க்காரர் கலுங்கை நாலங்குலம் உயர்த்தினால் கீழூரில் இருபது ஏக்கர் காயும். ஆகவே கலுங்கின் உயரம் வெறும் கட்டுமான அளவு அல்ல. இரண்டு ஊர்களுக்கிடையே கல்லில் செய்துகொண்ட ஒப்பந்தம். கண்மாய் வழக்குகளில் பாதி இந்த ஓர் அளவைச் சுற்றித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். 1883-இல் சென்னை மாகாண அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏரி ஏரியாகப் போய் கலுங்கு மட்டம், மடை மட்டம், கரை மட்டம் எல்லாவற்றையும் அளந்து பதிவேடு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எழுத்தில் இல்லாத மட்டம் இரவோடு இரவாக ஏறிவிடும்.

மண்ணின் உயரத்தில் செய்த ஒப்பந்தம் இன்னொன்றும் உண்டு. ஒரே கண்மாய்க்கு இரண்டு மூன்று மடைகள் இருக்கும். மடை என்றால் கரைக்கு அடியில் குகைபோலப் போகும் கல் வழி. கண்மாய் நீர் வயல் வாய்க்காலுக்கு வருவது அதன் வழியாக. எல்லா மடையும் ஒரே ஆழத்தில் இருக்காது. மேட்டு நிலத்துக்குப் போகும் மேட்டுமடை உயரத்தில் இருக்கும், பள்ளமடை தாழ்வில். நீர் வற்றும்போது மேட்டுமடை முதலில் நின்றுவிடும், பள்ளமடை இன்னும் சில வாரம் ஓடும். மேட்டுமடைக்காரர் குறுகிய காலப் பயிராகப் பார்த்து வைப்பார். யார் வயலுக்கு எவ்வளவு நாள் தண்ணீர் என்பதைக் கரை கட்டிய அன்றே கொத்தனார் தீர்மானித்துவிட்டார். நிலத்தின் விலையிலும் அது தெரியும், சம்பந்தம் பேசும்போதும் தெரியும்.

மடைகளில் மிக அழகானது குமிழித் தூம்பு. பல்லவர், பாண்டியர், சோழர் காலத்திலிருந்து வழங்கும் அமைப்பு. புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் கல்வெட்டோடு இன்றும் பல நிற்கின்றன. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள், இரண்டு உயரமான கல்தூண்கள். இடையில் குறுக்குக் கற்கள். தூணடியில், கண்மாயின் தரைமட்டத்தில், மேல்மூடியோடு ஒரு கல்தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்து சுரங்கம் கரைக்கு அடியில் புகுந்து வெளிப்பக்கம் போகிறது. மூடியில் வட்டமான ஒரு துளை, அது நீரோடி. தொட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள், அவை சேறோடி. நீரோடியை ஒரு கூம்புக் கல் அடைத்திருக்கும். கல்லோடு பிணைத்த தண்டு குறுக்குக் கற்களின் துளை வழியாக மேலே வரும். தண்டைத் தூக்கினால் நீரோடி வழியாகத் தெளிந்த நீர் பாயும். அந்த வேகத்தில் அடித்துளைகள் வழியே சேறும் கலங்கி உள்ளே இழுபட்டு வெளியேறும். ஒவ்வொரு முறை மடை திறக்கும்போதும் மடையைச் சுற்றியுள்ள வண்டல் கொஞ்சம் வெளியே போகிறது, அதுவும் நேரே வயலுக்கு, உரமாக.

கூம்பு ஏன்? நிரம்பிய கண்மாயில் 4 மீட்டர் ஆழத்தில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள துளை இருக்கிறது என்று கொள்வோம். அதை அடைத்த கல்லின் மேல் நிற்கும் நீர்த்தூணின் எடை மட்டும் 125 கிலோ, இரண்டு ஆள் எடை. தட்டையான மூடியாக இருந்தால் அதை நகர்த்தவே போராட வேண்டும். மறுபடி மூடும்போது துளையைத் தேடி அலைய வேண்டும். கூம்பு தானாக வழி தேடிப் போய் உட்காரும், அழுத்தம் கூடக் கூட இன்னும் இறுகும், சற்றே தூக்கினாலும் சுற்றிலும் நீர் புகுந்து பிடி தளர்ந்துவிடும். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு இடைவெளி. திறப்பது மூடுவது மட்டுமல்லாமல், ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது.

மடைக்குள் நீர் பாயும் வேகத்திலும் ஓர் இயற்கைக் கொடை இருக்கிறது. நீருக்கடியில் உள்ள துளையின் வழியே பாயும் வேகம், மேலே நிற்கும் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பெயரால் வழங்கும் விதி. எளிமையாகச் சொன்னால், ஆழம் நான்கில் ஒன்றாகச் சுருங்கினாலும் வேகம் பாதிதான் குறையும். நம் 20 சென்டிமீட்டர் துளை நிறைகண்மாயில் ஒரு லாரித் தண்ணீரை ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில் தள்ளும். ஆழம் ஒரு மீட்டராக இறங்கிய பிறகு இரண்டரை நிமிடம் ஆகும். கலுங்கையும் மடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தண்ணீர்தான். மேலே வழியவிட்டால் சிறு உயர்வுக்கும் துள்ளுகிறது. அடியில் விட்டால் ஆழம் மாறினாலும் அலட்டிக்கொள்வதில்லை. அவசரத்துக்குத் துள்ளுவதையும் அன்றாடத்துக்கு நிதானமானதையும் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.

இந்த நிதானத்தால் இன்னொரு நன்மையும் விளைந்தது. பற்றாக்குறை நேரத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள்: இத்தனை ஏக்கருக்கு இத்தனை நேரம். நீரை அளக்காமல் நேரத்தை அளந்து பங்கு போடுவது நியாயமா? முதல் நாள் பாய்ச்சியவருக்கு ஓட்டம் அதிகம், கடைசி நாள்காரருக்குக் குறைவு என்று புகார் வராதா? கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சுற்று முடிவதற்குள் ஆழம் பத்தில் ஒரு பங்கு இறங்கினால்கூட ஓட்டம் இருபதில் ஒரு பங்குதான் குறைகிறது. சண்டைக்குப் போதாத வித்தியாசம். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் நிழலைக் காலடியால் அளந்தோ, அடியில் நுண்துளை போட்ட கிண்ணம் நீரில் மூழ்கும் நேரத்தைக் கொண்டோ நாழிகை கணித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்தக் கிண்ணமும் துளை வழி நீர் புகுவதை நம்பியதுதான். கண்மாயை அளக்க இன்னொரு குட்டி மடை!

முறை வைக்கும்போது எல்லா வாய்க்காலிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடமாட்டார்கள். காய்ந்த வாய்க்கால் முதலில் தானே குடிக்கும். பாளம் பாளமாக வெடித்த மண், வயலுக்குப் போக வேண்டியதைப் பாதி வழியிலேயே உறிஞ்சிவிடும். ஆகவே முழு ஓட்டத்தையும் ஒரு வாய்க்காலில் திருப்பி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். கடைமடைக்காரருக்கு இது உயிர். பத்து வாய்க்காலில் பிரிந்து வரும் நூல் ஓட்டம் அவர் வயலை எட்டவே எட்டாது.

இதையெல்லாம் நடத்துகிறவர் நீர்க்கட்டி. சில பகுதிகளில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பர், வேறு பெயர்களும் உண்டு. மழைநாளில் கரையில் எலி வளை, நண்டு வளை, கசிவு பார்ப்பது, கலுங்கு அடைப்பது, மடை திறப்பது, எந்த வயலுக்கு எப்போது என்று முடிவெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பல ஊர்களில் ஒரு விதி: ஆயக்கட்டில் நிலம் உள்ளவர் மடையில் கை வைக்கக் கூடாது. தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று வந்து நிற்கலாம், மண்வெட்டியை எடுக்கக் கூடாது. நீர்க்கட்டிக்குக் கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக. கடைமடை வயல் காய்ந்தால் அந்தக் களத்தில் அவருக்கும் நெல் கிடையாது. தண்ணீர் சரியாகப் போய்ச் சேர்வதில் அவர் அக்கறையை அந்த நெல்லே பார்த்துக்கொண்டது.

அவர் வேலையை அருகில் நின்று பார்த்தால் புரியும் நுட்பம் வேறு. வயலுக்கு வயல் நீர் போவது வாமடை வழியாக, அதாவது வரப்பில் வெட்டிய சின்ன வாய் வழியாக. மண்வெட்டியால் ஒரே கொத்தில் திறப்பார். மூடும்போது ஈரமண்ணை அள்ளி வைத்து, புறங்காலால் ஒரு தட்டு. வயலில் நீர் முழுதும் ஏறுவதற்குச் சற்று முன்பே மூட வேண்டும், ஏனென்றால் வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும் நீர் இன்னும் கொஞ்ச நேரம் வரும். மணல் கலந்த வயல் சீக்கிரம் குடித்துவிடும், களிவயல் பிடித்து வைக்கும். ஒரே நேரம் இருவருக்கும் கொடுத்தால் அநியாயம். எந்தப் பாத்தியில் மயிரிழை வெடிப்பு கண்டிருக்கிறது, எது இன்னும் ஒரு நாள் தாங்கும் என்பது அவர் தலைக்குள் இருக்கும் கணக்கு.

இங்கே நிறுத்தி ஓர் உண்மையைச் சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித் மக்கள். நிலமில்லாதவர் நடுநிலையாக இருப்பார் என்ற ஏற்பாட்டுக்கு அடியில், நிலம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்ற வரலாறு இருக்கிறது. அடைபட்ட குமிழித் தூம்பைத் திறக்க இருட்டு நீரில் மூழ்கியவர்களும் அவர்கள்தான். நீர் இழுக்கும் துளையில் கையோ காலோ சிக்கினால் மேலே இருக்கும் அந்த 125 கிலோ விடாது. மடையோரம் கருப்பசாமிக்குக் கோயில் இருப்பதில் வியப்பில்லை. 2003-இல் வெளிவந்த ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலில் மானுடவியலாளர் டேவிட் மோஸ், ராமநாதபுரம்–சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து, இவை ஊர் ஒற்றுமையின் இனிய சின்னங்கள் மட்டுமல்ல, சாதியும் அரசும் அதிகாரம் செலுத்திய இடங்களும்கூட என்று காட்டுகிறார். பொற்காலம் பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்.

மேலாண்மைக்கு எழுத்து விதிகளும் இருந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலம், 919-ஆம் 921-ஆம் ஆண்டுகள். குடவோலையில் பெயர் எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது! பிராமணர்களின் சபை அது, சொத்தும் கல்வியும் உள்ளவர்க்கு மட்டுமான ஜனநாயகம். ஆனாலும் கணக்குக் காட்டாதவர் மைத்துனரும் நிற்கக் கூடாது என்ற விதியை இன்று எந்தச் சங்கமாவது துணிந்து வைக்குமா? ஏரியில் ஓடம் விட்டுச் சேறெடுப்பதற்கென்றே பொன்னும் நிலமும் எழுதி வைத்த கல்வெட்டுகளும் தமிழகத்தில் கிடைத்திருக்கின்றன. புதிய ஏரி வெட்டிப் பெயர் வாங்குவது எளிது. வண்டல் அள்ள அறக்கட்டளை வைத்தவரைத்தான் நான் கூடுதலாக மதிப்பேன்.

வண்டல் அள்ளுவதும் கரை உயர்த்துவதும் ஊரார் உழைப்பாக நடந்தது, குடிமராமத்து என்று. அந்தப் பழக்கம் தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து காப்பாற்றப் பார்த்தது. தன் கண்மாய் என்று மண் சுமந்தவரை, சர்க்கார் உத்தரவு என்று சுமக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மிகப் பெரிய சோதனை, கண்மாய் நிரம்பாத ஆண்டு. கால் கண்மாய்தான் என்றால் யார் வயலை விடுவது? இதற்கு இலங்கையின் வறண்ட பகுதிச் சிங்களக் கிராமங்களில் ‘பெத்ம’ என்று ஒரு வழக்கம் உண்டு. அங்கும் நம்மைப் போலவே சங்கிலித் தொடர் குளங்கள். மழை பொய்த்த ஆண்டில் குளத்தை ஒட்டிய வயலில் மட்டும் பயிர் வைப்பார்கள். ஆனால் அந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் மட்டும் உழமாட்டார். கடைமடையில் நிலம் உள்ளவர் உட்பட எல்லாப் பங்காளிக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோனால் வழியில் வீணாகும். ஆளை வயலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்! அடுத்த மழையில் வேலி பழைய இடத்துக்குப் போகும்.

எந்த ஊரில் இப்படிக் கட்டுப்பாடு வலுவாக இருக்கும்? ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திரத்துக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்து 1988-இல் எழுதினார். தண்ணீர் தாராளமாக வரும் தலைப்பகுதி ஊர்களைவிட, வருமோ வராதோ என்று காத்திருக்கும் கடைப்பகுதி ஊர்களில்தான் பொது நிதியும் பொதுக் காவலும் கூடுதல்.

இவ்வளவு நுட்பத்துக்கும் ஓர் எதிரி உச்சியில் இருக்கிறது. வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஒரு சதுர கிலோமீட்டர் கண்மாய் தினமும் 50 லட்சம் லிட்டர் இழக்கிறது. நாம் முதலில் போட்ட கணக்கில் அது ஓர் ஏக்கர் நெல்லின் முழுப்போகத் தண்ணீர். நாளுக்கு ஓர் ஏக்கரைச் சூரியன் அறுத்துக்கொண்டு போகிறது. ஆழம் குறைந்து பரப்பு விரிந்த கண்மாய்க்கு இது பிறவிக் குறை. வண்டல் சேர்ந்தால் குறை முற்றும்: அதே பரப்பு, குறைந்த ஆழம்.

ஆனால் தரைக்குள் இறங்கிய நீரைச் சூரியன் தொட முடியாது. இதை ஊரார் கண்டுகொண்டது கண்மாய்ப் பாசனம் சுருங்கிவந்த காலத்தில். 1960-களில் தமிழ்நாட்டில் சுமார் 9 லட்சம் ஹெக்டேருக்கு ஏரிப் பாசனம் இருந்தது, இப்போது அதில் பாதிகூட இல்லை. வரத்துக்கால்கள் தூர்ந்தன, நீர்ப்பிடியில் சீமைக்கருவேலம் மண்டியது, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கூடவே மின்மோட்டாரும் வந்தது. ஆயக்கட்டில் கிணறு தோண்டியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கண்மாயில் தண்ணீர் நின்றால் கிணற்றில் நீர் ஏறுகிறது. மடை வழியே வாய்க்காலில் ஓடி வழியெல்லாம் வீணாவதற்குப் பதில், மண்ணுக்கடியில் கசிந்து கிணற்றுக்கே வந்து சேர்கிறது. வேண்டிய நாளில் வேண்டிய அளவு இறைத்துக்கொள்ளலாம், முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் சில ஊர்களில் மடையை நிரந்தரமாகவே அடைத்துவிட்டார்கள். கண்மாய் இப்போது கசிவுநீர்க் குட்டை, அதாவது நிலத்தடி நீரை ஊறவைக்க மட்டும் நீர் நிறுத்தும் இடம். பெரும்பாலோரிடம் கிணறு இருக்கும் ஊரில் இது புத்திசாலித்தனம். பாதிப் பேரிடம்தான் கிணறு என்றால் கதை வேறு. மடை மூடினால் கிணற்றுக்காரருக்கு லாபம்; மடையை மட்டும் நம்பிய சிறு விவசாயி தன் பங்குத் தண்ணீரையே பக்கத்து வயல்காரரின் மோட்டாரிலிருந்து மணிக்கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். தரைக்கு மேல் இருந்த தண்ணீருக்குக் கலுங்கு மட்டம், மடை மட்டம் என்று கல்லில் அளவு வைத்திருந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றின் அடிமட்டத்துக்கு அப்படி ஒரு குத்துக்கல்லை நட்ட ஊரைக் காண்பது அரிது. இந்த ஆண்டு மடையைத் திறப்பதா அடைப்பதா என்று கூட்டம் போட்டுப் பேசும் ஊர்களில் இப்போதைய வாக்குவாதம் முழுக்க அதைப் பற்றித்தான்.